செக்யூர் பூட்டை மாற்றிய கை

ராஜபாளையம்,
ஆவணி 12.

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உனக்கும் ஒரு குறையும் வராமல் நீர்காத்த அய்யனார் பார்த்துக்கொள்ளட்டும். வலது கைச் சுண்டுவிரலில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி தாயி.

நம் கம்ப்யூட்டர் கடையில் நடந்த தகராறு உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சுந்தரபாண்டியத்துச் சங்கிலிப்பாண்டி, லாரி டிரைவர். அவர் தாயாரின் பென்ஷன் மனுவில் பெயரை உன் தம்பி வல்லரசு தப்பாக அடித்துவிட்டதால் மூன்றாம் முறையாக அலைந்து வந்தவர். நான் அன்று கூமாப்பட்டிக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கடைவாசலெல்லாம் ரத்தம், படியில் இரண்டு பல் கிடந்தது. அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வல்லரசுக்கு நெற்றியில் காயம். அந்த ஆள் கம்பியோடு அடிக்க வந்ததாகவும், தான் அதைப் பிடுங்கித் திருப்பி அடித்ததாகவும் போலீசில் சொன்னான். மயக்கத்தில் கிடந்தவர் மேலேயே வழக்குப் பதிவானது.

கேமரா படமெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில்தானே பதிவாகிறது. போலீசார் பார்க்க வந்தபோது அது திறக்கவில்லை. கருப்புத் திரையில், துவக்குவதற்கு டிஸ்க் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று வல்லரசு சொல்லிவிட்டான், அவர்களும் போய்விட்டார்கள். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் சிக்னல்ஸில் இருந்தவனுக்கு மனசு கேட்குமா. மறுநாள் காலையில் தனியாகக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி வயரை மாற்றிப் பார்த்தேன், அதே திரை. பிறகு ஆன் செய்யும்போதே டெலீட் பட்டனை அழுத்தி செட்டிங் பக்கத்துக்குள் போனேன். பொங்கலுக்கு முன்னால் நான் தெரியாமல் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங்கை ஆன் செய்து, பழைய முறையில் விண்டோஸ் போட்ட நம் டிஸ்க்கை அது கண்டுகொள்ளாமல் முழித்தபோது, நீதானே போனில் சொல்லிச் சரிசெய்தாய். வல்லரசும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். இப்போது அதே செக்யூர் பூட் மறுபடியும் ஆன் ஆகியிருந்தது. உள்ளே இருக்கும் பேட்டரி செத்தாலும் செட்டிங் மாறும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அப்படியானால் கம்ப்யூட்டர் கடிகாரமும் தவறிப்போயிருக்க வேண்டும், அது நிமிஷம் பிசகாமல் சரியாகக் காட்டியது. ஆள் கைதான் மாற்றியிருக்கிறது. பிறகு பழையபடி மாற்றி சேவ் செய்தேன், திறந்துகொண்டது.

படத்தில் சங்கிலிப்பாண்டி கையில் ஹெல்மெட்டைத் தவிர ஒன்றுமில்லை. கத்தினார், காகிதத்தை மேசையில் வீசினார், வண்டியை நோக்கித் திரும்பி நடந்தார். வல்லரசு ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்துப்போய்ப் பின்மண்டையில் அடித்தான். விழுந்தவரைப் புரட்டிப்போட்டு முகத்தில் அடித்தான். பதினோரு அடி வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணவில்லை. கடைசியில் கதவு விளிம்பில் தன் நெற்றியைத் தானே மோதிக்கொண்டான்.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வல்லரசு கடைக்குள் வந்தான். மறைக்கவில்லை. "அழிச்சிருங்கப்பா. ஒங்களத்தான் கேவலமாப் பேசுனான்" என்றான். "ஏலே, திரும்பிப் போறவன அடிச்சிருக்க" என்றேன். பெட்டியைத் தூக்கித் தரையில் அடிக்கப் பார்த்தான். பிடித்தேன். என் விரலை முறுக்கினான், ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. சுவரோடு சாய்த்துக் கழுத்தை நெரித்தான் தாயி. நான் தூக்கி வளர்த்த பிள்ளையின் கட்டைவிரல்கள் என் தொண்டையில். கண் இருண்டபோது முழங்கையால் அவன் மூக்கில் இடித்தேன், உடைந்துவிட்டது. அவன் விழுந்தான். ஷட்டரை இழுத்து வெளியே பூட்டிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். சங்கிலிப்பாண்டி மேலிருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள், ஆனால் ஒரு கண் பார்வை திரும்பாதாம். அம்மா எனக்குச் சோறு வைப்பாள், பேசுவதில்லை. உன்னிடம் என்னைத் திட்டி அழுதால் கேட்டுக்கொள், எனக்காகச் சண்டை போடாதே.

போன வியாழன் ஜெயிலுக்குப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மூக்கு வீங்கி நின்றான், வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போதுதான், "அக்காளுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எழுதுகிறேன் என்றேன். அவன் தலை குனிந்தது, அன்று வரை அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். நூறு வருஷம் நன்றாக இரு. மறக்காமல் அவனுக்கு ஒரு கடிதம் போடு. பரவாயில்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அப்பா,
ஜெயபாண்டி