உன் பெயருக்கு வந்த மூன்றாம் ஆண்டுப் புத்தகங்கள்

உன் பெயர் எழுதிய பார்சல் நேற்று தபாலில் வந்தது. அஞ்சல்வழிப் படிப்பில் சேரும்போது இருவருக்கும் என் வீட்டு முகவரியையே கொடுத்திருந்தோம். தபால்காரர் உன்னுடையது, என்னுடையது இரண்டையும் என்னிடமே தந்தார். மூன்றாம் ஆண்டு வரலாற்றுப் புத்தகங்கள். பிரித்ததும் புது மையின் வாசனை. நீ போய்ச் சில மாதங்களாகியும் பல்கலைக்கழகத்துக்கு நீ இன்னும் மாணவன்தான்.

உன்னுடையதை உன் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"இத வெச்சு நான் என்னங்கண்ணா பண்றது? படிச்சுப் படிச்சுத்தான் அவரு ஒடம்பக் கெடுத்துக்கிட்டாரு. நீங்களாச்சும் இத்தோட உட்டுருங்க."

பின்னால் நின்ற உன் மகனும் தலையாட்டினான். படிப்புதான் உன்னைக் கொண்டுபோயிற்று, படிப்பில் சேர்த்துவிட்டவன் நான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருதயம் நின்றதற்குப் புத்தகம் என்ன செய்யும்? பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் வெளியே அனுப்பியது. பத்தும் பன்னிரண்டும் தனியாகவே எழுதித் தேறியவன் நான். யாருடைய அனுமதியும் அன்றும் கேட்கவில்லை.

கண்விழித்துப் படித்தவர்களா நாம்? படித்ததெல்லாம் வெற்றிலைக் கொடிக்காலில்தானே! வீட்டில் ஒரு பாடத்தை வாசித்துவிட்டு, புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது நீ போட்ட சட்டம். வெற்றிலை கிள்ளிக்கொண்டே என் வரிசையிலிருந்து நான் சொல்வேன். கொடிகளுக்கு அந்தப் பக்கம் உன் வரிசையிலிருந்து நீ கேட்பாய். மறுநாள் நீ சொல்ல, நான் கேட்பேன். "தொறந்து வெச்சிருந்தா எல்லாந் தெரிஞ்ச மாதிரித்தான் இருக்கும். மூடிப்போட்டுச் சொல்லு மாப்ள" என்பாய்.

ரயத்வாரி முறையை நான் மடமடவென்று ஒப்பித்த நாள் நினைவிருக்கிறதா? விவசாயியே நேராக அரசாங்கத்துக்கு வரி கட்டினான் என்று முடித்தேன்.

"மழ பேயாத வருசத்துக்கு?" என்றாய்.

"அது புஸ்தகத்துல இல்ல."

"இல்லீன்னா வேற புஸ்தகத்துல பாரு. கட்டறவன் கேப்பானில்ல?"

வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த ஒருவன், "பெருசுக ரெண்டும் கலெக்டருக்குப் போகுதுங்களா?" என்றான்.

"ஆமாஞ்சாமி. மொத வேலையா உன்ற வாயத்தான் ஜப்தி பண்ணோணும்" என்றாய்.

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, கோபம்தான். மறுநாள் நாமக்கல்லுக்குப் பேருந்தேறிப் போய், நூலகத்தில் தேடி, வரித்தள்ளுபடி கேட்டு விவசாயிகள் பட்ட பாட்டைப் படித்தேன். ஒப்பித்ததில் பாதி மறந்துவிட்டது. அது மறக்கவில்லை.

இன்று காலை புதுப் புத்தகத்தின் முதல் பாடத்தை வாசித்து, மூடி வைத்துவிட்டுக் கொடிக்காலுக்குப் போனேன். சத்தமாகவே சொன்னேன். உன் வரிசையில் உன் மகன் கிள்ளிக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும், அடுத்த கொடிக்கு நகர்ந்துவிட்டான். ஓரிடத்திலும் தடுமாறாமல் சொல்லி முடித்தேன். அதுதான் பயமாக இருக்கிறது. எந்த இடத்தைப் புரியாமல் சொன்னேனோ!

தேர்வை எழுதத்தான் போகிறேன். யார் சொல்லியும் விடமாட்டேன். சொல்லும்போது நடுநடுவே நிறுத்தி, நீ என்ன கேட்டிருப்பாய் என்று யோசித்து, நானே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் வாயில் வருவதெல்லாம் எனக்கு விடை தெரிந்த கேள்விகளாகவே இருக்கின்றன.