மணப்பாட்டுக் கடலில் மீனாட்சி

மே 11, ஞாயிறு இரவு.

மணப்பாடு கடற்கரையில் மகளின் பந்தை அலை இழுத்துக்கொண்டு போனது. நான் முழங்கால் தண்ணீரைத் தாண்டாதவன். "போனாப் போகுது, விடு" என்றேன். என் மனைவி மீனாட்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நீந்தியே போய்விட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

பந்தோடு கரையேறியவளிடம் ஒரு மீனவர், "ஒங்களுக்கு எந்தக் கடக்கரைம்மா?" என்று கேட்டார்.

"தேவதானம். எங்க அப்பா தோட்டத்துக் கிணறு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரிதான்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

ராஜபாளையம் திரும்பும்போது மகள் தனக்கும் நீச்சல் வேண்டும் என்றாள். மீனாட்சி என்னிடம், "நம்ம கிணத்து மேல போட்ட கம்பிவலைய எடுத்துருங்க" என்றாள். சரி என்றேன்.

எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடு என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. இப்போது கேட்கலாம். தூங்கிவிட்டாள்.