மூன்றாவது குழி

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறீர்களா, இல்லை வழக்கம்போலத்தானா? நான் நலம். உங்கள் தம்பியும் நலம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும். எழுத வரவில்லை. போனிலும் சொல்ல முடியாது. கண் எப்படியோ போகட்டும், காது அவருக்குப் பாம்புச் செவி.

முதலில் கொல்லைப்புறச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் பீன்ஸ் போட்டிருந்த இடத்தில் இப்போது பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல் கிடக்கிறது. கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளிப் பழக ஒரு புல்தரை. நான்கு குழிகள், குழிக்கு ஒரு கொடி. கிளப்பில் அவரை ஆட்டத்துக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அடித்த பந்து எங்கே விழுந்தது என்றே அவருக்குத் தெரிவதில்லை என்று கூட ஆடுகிறவர்கள் பேசிக்கொண்டார்களாம். "அவனுங்க தயவு யாருக்கு வேணும்? நம்ம வீட்லயே போட்டுக்கறேன்" என்று ஒரே பிடிவாதம். லீவுக்கு வரும் பேத்திக்கும் கற்றுத் தரப்போகிறாராம்.

வேலைக்கு வந்த புல்காரர் பள்ளிக்கூட மைதானங்களுக்கெல்லாம் இந்தப் புல்லை விரிக்கிறவர். தங்கமான மனிதர். மேல்மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி கொட்டி, அதன்மேல் கல்தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, அதிர்கிற இயந்திரத்தை ஓட்டி இரண்டு நாள் இறுக்கினார். வீட்டில் பாத்திரமெல்லாம் கூடவே ஆடியது. மழைத்தண்ணீர் வேலிப் பக்கம் ஓடிப் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி துளி வாட்டம் மட்டும் வைத்தார்.

உங்கள் தம்பி வந்து நின்று பார்த்தார். வேலிப் பக்கம் ஒரேயடியாகச் சரிந்து கிடக்கிறது என்றார். புல்காரர் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். ரசமட்டம் பழுது என்றார் இவர். குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்தும் காட்டினார் பாவம். "நாப்பது வருஷம் ரோடு போட்டவன்யா நான். எனக்கு மட்டம் சொல்லித் தர்றியா?" என்று இவர் கத்தினார். கத்தினது உங்கள் தம்பியா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மரியாதை இல்லாமல் யாரையும் அவர் பேசினதில்லையே.

அண்ணி, எனக்கு அப்போது ஆச்சரியமே வரவில்லை. நாலு மாதமாக நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். படம் கோணலாக இருக்கிறது, நிமிர்த்து என்பார். நேராக இருப்பதைக் கோணலாக்கி வைப்பேன், ஆங், இப்போ சரி என்பார். வீட்டில் இன்று ஒரு படமும் நேராக இல்லை. உங்கள் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையும் நீங்களும் சரிந்து விழுகிற மாதிரி தொங்குகிறீர்கள். கண்ணைக் காட்டலாம் வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

புல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் சொல்கிறபடியே போட்டுவிடுங்கள் என்று சொன்னது நான்தான். "அம்மா, தண்ணி பூரா உங்க சமையல்கட்டுச் சுவத்துக்கு வரும்மா" என்றார். வந்தால் வரட்டும் என்றேன். எல்லாவற்றையும் கிளறி, வேலிப் பக்கம் உயர்த்தி மறுபடி இறுக்கினார்கள். புல்லை விரித்து, விளிம்பை வெட்டி, மணல் தூவிப் பெருக்கினார்கள். இவர் பார்த்தார். இப்போதுதான் மட்டம் என்று முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் கடைக்குப் போக மலையிலிருந்து காரில் கீழே இறங்கினோம். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ரோடு பள்ளத்துப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். எதிரே பால் வண்டி. அந்த டிரைவர் பிரேக் போட்டதால் இன்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி ஒன்று உடைந்ததோடு போயிற்று. இவர் இறங்கி நின்று, "எந்த மடையன் போட்ட ரோடு இது?" என்றார். அந்த வளைவை அளந்து போட்டது அவர்தான் அண்ணி. எங்களுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த வருடம், அதைச் சொல்லித்தானே என் அப்பாவிடம் பெருமைப்பட்டீர்கள்.

இருபத்தெட்டாம் தேதி மருமகளும் பேத்தியும் ரயிலில் வந்து அடிவாரத்தில் இறங்குகிறார்கள். நானே போய்க் கூட்டி வருவேன், வாடகை வண்டி கூடாது என்று இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். மகனிடம் சொல்லலாம்தான். அவன் போனிலேயே அப்பாவை அதட்டுவான், இவர் ரோஷத்தில் அன்றைக்கே வண்டியை எடுப்பார்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். அன்று நாங்கள் வீடு திரும்பியபோது புல்காரர் கடைசி வேலையாக, பந்து விழுகிற கிண்ணங்களைக் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தார். கார் சாவியை ஒரு பையில் சுற்றி, மூன்றாவது குழியில் கிண்ணத்துக்கு அடியில் போட்டேன். புல்காரர் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மேலே கிண்ணத்தை வைத்து அழுத்தினார். இன்னொரு சாவியைத்தான் என் சமர்த்துப் பிள்ளை எப்போதோ தொலைத்துவிட்டானே.

வண்டி நிற்கிறது, நிம்மதி என்று நினைத்தேன். ஆறு நாளாக அவர் தேடுகிறார். தலையணை உறையைக்கூட உருவிப் பார்த்தாயிற்று. நேற்று கட்டிலில் உட்கார்ந்து, "ஏம்மா, எனக்கு மறதி வந்துடுச்சோ? அப்பாவுக்கு வந்த மாதிரி?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லைங்க என்றேன். மூக்குக் கண்ணாடி இங்கே, பர்ஸ் அங்கே என்று துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்கிறார். உயிரைக் காப்பாற்றப் போய் மனதைக் கெடுத்துவிட்டேன். நான் பாவி.

திங்கட்கிழமை சாவி செய்கிறவரை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீங்கள் போன் செய்ய வேண்டும். உன் கண் சரியில்லை என்று சொல்லாதீர்கள். எனக்குக் கண் மங்கிப் போச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா தம்பி என்று அழையுங்கள். உங்களுக்காக என்றால் எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வருவார். பஸ்ஸில் நானும் வருகிறேன். அங்கே டாக்டர் இவரையும் உட்கார வைக்கட்டும். சாவி விஷயத்தை அதற்குப் பிறகு நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இதோ, பின்பக்கமிருந்து கூப்பிடுகிறார். தினமும் இந்த நேரத்தில் கூப்பிடுவார். கொடி அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. சொல்ல மாட்டார். "நீ குழிகிட்ட நில்லு, உன்னப் பாத்து அடிக்கறேன்" என்பார். நான் சிவப்புப் புடவையில் போய் மூன்றாவது குழியருகே நிற்பேன். பந்து எங்கேயோ சுவர்ப் பக்கம் உருண்டு போகும். கால் விரலால் தட்டிக் குழியில் விடுவேன். டொக்கென்று சத்தம் கேட்டதும், "பாத்தியா, கண்ணு இன்னும் அப்படியே இருக்கு" என்பார். ஆமாங்க என்பேன்.

இன்றைக்கும் போய் நிற்கிறேன். திங்களுக்குள் அவரைக் கூப்பிட்டுவிடுங்கள் அண்ணி. நீங்கள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி