பன்னிரண்டாவது கட்டம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரிக்குத் தாவிவிடுவாய். அத்தான் நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனி பயமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ்களை ஓட்டுகிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவர் குரல் போன பிறகு, உன் பழைய கையடக்க விளையாட்டுப் பெட்டியை அனுப்பினாயே, அதைத் திறந்த அன்றே எனக்கு அழுகை வந்துவிட்டது. விளையாட்டு இருந்த இடத்தில் பன்னிரண்டு கட்டங்கள். தம்ளர் படத்தை அழுத்தினால் "தண்ணி வேணும்" என்கிறது. "இந்தப் பெட்டியத் தட்டிக்கிட்டே இருந்தா நீ உருப்பட மாட்டே" என்று திட்டி உன்னை வீட்டை விட்டுக் கிளப்பிய மனிதருக்காக, நீயே உட்கார்ந்து எழுதிய நிரல். பன்னிரண்டாவது கட்டத்தை மட்டும் ஏன் காலியாக விட்டாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆனால் அவர் அதைத் தொடவில்லை. பேசுவது உன் குரல் அல்லவா? சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "அவன் குரல்ல நான் தண்ணி கேக்கணுமா?" எழுதிய வேகத்தில் சாக்பீஸ் உடைந்தது. மூன்று வருட வீம்பு, லேசில் போகுமா?

அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் நிலையத்திலிருந்து அவர் எனக்கு அனுப்பிய பழைய குரல் செய்திகளெல்லாம் கைபேசியில் கிடந்தன. அவற்றிலிருந்து சொற்களை வெட்டி எடுத்தேன். "வேண்டாம்" மட்டும் நாற்பது கிடைத்தது. "சரி" ஒன்றே ஒன்று, அதுவும் கண்டக்டரிடம் சொன்னது. "வலிக்குது" என்று தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லை. அந்த மனிதர் வாழ்நாளில் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கட்டத்தில் மட்டும் உன் குரலையே விட்டுவைத்தேன்.

பெட்டியோடு நீ அனுப்பிய லேப்டாப்பையும், கைப்பட எழுதிய நான்கு தாள்களையும் தையல் மேசையில் விரித்துக்கொண்டேன். அந்தக் கறுப்புத் திரையில் படமும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. ஒவ்வொரு வரியாகத் தட்ட வேண்டியதுதான். ஒரு கட்டளை ஒலியைப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிறது, இன்னொன்று எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்க்கிறது. ஓர் எழுத்து தப்பினால் பத்து வரி திட்டு விழுகிறது. உன் அத்தானோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் திட்டு என்ன புதுசா? மூன்றாம் நாள் திட்டு நின்றது. அந்தக் கோப்பை மெமரி கார்டில் ஏற்றி, கார்டைப் பெட்டியில் செருகி, அவர் கையில் கொடுத்தேன்.

அழுத்தினார். கீச்சுக் கீச்சென்று சுண்டெலி பேசியது. நான் வெலவெலத்துப் போனேன். அவரோ தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். சத்தமே இல்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். மூன்றாவது தாளைத் திருப்பிப் பார்த்தால், ஒலிக்குத் தகுந்த எண்ணைக் கொடுக்காவிட்டால் குரல் வேகமாக ஓடும் என்று பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய்! உன் குரலுக்கு இருந்த எண்ணிலேயே அவர் குரலையும் ஓட்டியிருக்கிறேன், உன் அளவுக்கு அவருக்குச் சட்டை தைத்த மாதிரி. எண்ணை மாற்றினேன். அவர் குரல் வந்தது. அன்றிலிருந்து பெட்டி அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் மத்தியானம், நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். உள்ளறையிலிருந்து "வலிக்குது, வலிக்குது" என்று உன் குரல். ஒரு கணம் நீதான் வந்துவிட்டாயோ என்று நினைத்துவிட்டேன். ஓடிப் போய்ப் பார்த்தால், எழுந்து சிலேட்டை எடுக்கக்கூட முடியாமல் கிடக்கிறார், விரல் மட்டும் அந்தப் பொத்தானில். தொண்டையில் போட்ட தையலுக்கு உள்ளே சீழ் பிடித்திருந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி.

நேற்று வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருக்கும் உன் போட்டோவைக் காட்டினார், அப்புறம் காலிக் கட்டத்தைக் காட்டினார். என்ன குரல் வைப்பது என்று கைபேசியைத் துழாவினேன். மூன்று வருடத்துக்கு முன் நீ வீட்டை விட்டுப் போன அந்த வாரத்தில் அவர் அனுப்பிய செய்தி ஒன்று இருந்தது. இன்று காலை அந்தக் கட்டத்தில் உன் படத்தை வைத்து, அதையும் சேர்த்துவிட்டேன். இப்போது உன் படத்தை அழுத்தினால், "பொத்தான்துரை சாப்பிட்டானான்னு கேளு" என்கிறார். எந்நேரமும் பொத்தானைத் தட்டுகிறாய் என்று அவர் உனக்கு வைத்த அந்தப் பட்டப்பெயரை நீ மறந்திருக்க மாட்டாய்.

காலையிலிருந்து ஏழெட்டு தடவை அழுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். நான் என்ன பதில் சொல்வது? நீயே வந்து சொல்லிவிட்டுப் போ.

உன்
அக்கா