மருமகளுக்காகப் போட்ட கையெழுத்து

என்னைப் பெத்த ஐயா முத்து,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. உன் பெண்டாட்டி செல்வி காலேஜில் சேர்ந்திருக்கிறாள், நாற்பத்தொரு வயதில். உன் மகள் காவ்யா படிக்கிற அதே பி.ஏ., அதே வகுப்பு. தாராவியில் நம் சந்திலிருந்து தாயும் மகளும் பை மாட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் படிக்கப் போகிறார்கள் என்றால் நம்புவாயா?

வகுப்பு ஒன்றுதான். ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு காலேஜுக்குப் போய் வருகிற மாதிரி இருக்கிறது. காவ்யாவுக்குக் கேன்டீனும் சிநேகிதிகளும்தான் பேச்சு. “அங்க போனா என்னைய நாலு பேரு தேடுதாவ ஆச்சி” என்பாள். செல்வியோ லைப்ரரியைச் சொல்வாள். “ரெண்டு மணி நேரம் இருந்தேன் அத்தை. ஒருத்தரும் என்னையக் கூப்பிடல.” அதைச் சொன்னபோது இருந்த முகத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாயா?

“சார் வந்தா அம்மா ஒருத்திதான் எந்திச்சு நிக்கா. மானம் போவுது” என்று காவ்யா சிரிப்பாள். பரீட்சை நெருங்கினால் அவளுடைய சிநேகிதிகளே “ஆன்ட்டி, நோட்ஸ்” என்று இவளுக்குத்தான் போன் பண்ணுகிறார்கள்.

போன வாரம் செல்வி வாடிப்போய் வந்தாள். அட்டெண்டன்ஸ் குறைவாம். வீட்டுப் பெரியவர் யாராவது வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். அவளைப் பெற்றவர்கள்தான் இல்லையே. “விடுங்க அத்தை, காவ்யா படிச்சாப் போதும்” என்றாள்.

“ஏளா, நான் என்ன செத்தா போனேன்?” என்று கிளம்பிவிட்டேன்.

காலேஜ் படியேறும்போது என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன். “போட்டுக்கிடுங்க அத்தை, கோயில் இல்ல” என்றாள். எவ்வளவு உயரமான கூரை, போகிற வழியில் லைப்ரரியில் எத்தனை எத்தனை புத்தகம்! ஐந்தாவதோடு நின்ற எனக்கு அங்கே கண் எப்படி நிலைக்கும்?

ஆபீஸில் இருந்தவர் இந்தியில் கேட்டார்: “மாஜி, பேத்திக்காக வந்தீங்களா?”

“இல்ல, இவளுக்கு.”

“நீங்க யாரு?”

“மாமியா.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். “இவங்க ஏன் ஏழு மணி முதல் வகுப்புக்கே வர்றதில்ல?”

நான்தான், “ஏழு மணிக்குத்தான் தண்ணி வருது” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மகளைப் போகச் சொல்லிவிட்டு இவள் குழாயடியில் நின்றிருக்கிறாள். நான் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன். இனி முதல் வகுப்பைத் தவறவிட்டால் பரீட்சை கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

அதனால் ஐயா, தண்ணீர் இனி என் பாடு. குடம் தூக்க முட்டி ஒத்துழைக்காது. பைப்பை இழுத்து டிரம்மில் போட முடியும் அல்லவா? இன்றைக்கு ஆறரைக்கெல்லாம் இருவரையும் ஒன்றாக அனுப்பினேன். செல்வி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “போளா, பிந்திரும்” என்று விரட்டினேன்.

அவள் பட்டம் வாங்குகிற நாள்வரை ஏழு மணிக்கு அந்தக் குழாயடியில் நான் நிற்பேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் அம்மா,
செல்வியின் மாமியார்