என் கத்தரிக்கோல் சிதம்பரத்தில் இருக்கிறது

ஆசை மச்சான் சேவியருக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. எல்லாரும் போட்டோ போட்டு நாலு வரி அஞ்சலி அடிக்கிறார்கள். உனக்கு அது போதுமா? அதனால்தான் இந்தக் கடிதம். ஊர் படித்தாலும் படிக்கட்டும். எட்டாங் கிளாஸோடு நின்ற டெய்லர் என்றாலும், என் எழுத்தைப் பார்த்தால் வாத்தியாரே மரியாதையாகச் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொள்வார்.

முதலில் சேதி. நம்ம கோயில் பாடகர் குழுவின் ஆம்ப்ளிஃபயர் போன மாதம் மறுபடி கரகரத்தது. கிடார் வயரைச் சொருகும் இடம் ஆடியது. திருவிழாவுக்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை. ஆளாளுக்கு ஒரே பேச்சு: "சிதம்பரத்துக்கு அனுப்புங்க. செல்வம் பாத்துப்பாரு. சேவியருக்கு அப்பறம் அவுருதான்."

எனக்கு வயிறு எரிந்தது மச்சான். செல்வம் உன் சிநேகிதன், அங்கே சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன், எல்லாம் சரி. உனக்கு அப்புறம் அவனா? நீ ஆம்ப் பிரிக்கும்போதெல்லாம் டார்ச் பிடித்தவன் யார்? என் தங்கச்சியைக் கொடுத்தவன் யார்? நட்டு கழற்றும் நேரம் மட்டும் என்னை டீ வாங்க அனுப்பி விடுவாய். தொழில் ரகசியம் போல என்று நானும் பெருந்தன்மையாகப் போய் வந்தேன்.

"செல்வம் எதுக்கு? நாளைக்கே பாடும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, எருமைக் கன்று கனம் இருக்கிற அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

வயர் சொருகும் இடத்தை இறுக்கிப் பிடிக்கிற அது என்ன நட்டு மச்சான்? ஆறு பட்டை கிடையாது, ஸ்பேனர் பிடிக்க இடம் கிடையாது. மோதிரம் மாதிரி வட்டம், எதிரெதிராக இரண்டு சின்ன வெட்டு. அதுவும் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நோஸ் பிளேயர் வழுக்கியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டினேன், பெயிண்ட்தான் போனது. நம்ம தேவனாம்பட்டினத்தில் என் குரல் கேட்டாலே போட் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். இந்தப் பொடி நட்டு என்னை மதிக்கவில்லை.

மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "வுட்டுடுண்ணா. அதுக்குன்னு அவுரு ஒண்ணு வச்சிருந்தாரு. ரெண்டு முனையையும் அரத்தால ராவி, வெட்டுக்குத் தக்கன விரிச்சி வச்சி திருப்புவாரு."

"குடு அத."

"ஆஸ்பத்திரில இருந்தப்ப செல்வம் வந்தாருல்ல, அவுரு கையில குடுத்துட்டாரு."

"நான் எங்க போயிருந்தேன்?"

"உன்னை டீ வாங்க அனுப்பிட்டாரு."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டில் காலடியிலேயே கிடந்தவன் நான். சும்மா பார்க்க வந்தவனுக்கு அந்தச் சாமான் போனதா? மறுநாள் காலையில் ஆம்பைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் உன்னோடுதான் சண்டை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

செல்வம் ஆம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேஜை டிராயரில் கை வைத்தான். அப்புறம் கையை எடுத்துவிட்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எதுத்த கடையில ஒரு டீ வாங்கியாந்துடறீங்களா?"

இவனுமா?

"டீ கெடக்கட்டும். மொதல்ல அத எடு."

பேப்பரைப் பிரித்தான். என் கத்தரிக்கோல். சட்டைக்குப் பட்டன் காஜா வெட்ட வைத்திருந்த சின்னக் கத்தரி. விரல் உறுத்தாமல் இருக்க வளையத்தில் சிவப்புத் துணி சுற்றியிருப்பேனே, அதேதான். எத்தனை வருஷமாகத் தேடினேன். கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களை எல்லாம் சந்தேகப்பட்டேன். முனை இரண்டையும் மொட்டையாக ராவி வைத்திருக்கிறாய், படுபாவி.

"சத்தியம் வாங்கிட்டாருண்ணே. 'எங்க மச்சான் கண்ணுல பட்டுச்சின்னா, நான் செத்தாலும் தேடிக்கிட்டு வந்து கேப்பான்'னாரு."

இரண்டு முனையையும் வெட்டில் உட்கார வைத்து ஒரே திருப்பு. நட்டு வந்துவிட்டது. புதுசாக ஒன்று போட்டு முறுக்கிக் கொடுத்தான். கத்தரியையும் என் பக்கம் தள்ளினான். "எடுத்துக்குங்கண்ணே. உங்களுதுதான."

கட்டை விரலை வளையத்துக்குள் விட்டுப் பார்த்தேன். நான் சுற்றிய துணி நைந்துபோய், அதன் மேல் புதுத் துணி சுற்றியிருந்தது. அதுவும் சிவப்பு. நீ சுற்றியதுதானே?

அதை வைத்து இனி காஜா வெட்ட முடியாது. அவனிடமே கொடுத்துவிட்டேன். ஒரே கண்டிஷன்: யார் கேட்டாலும் கடலூர் ஆரோக்கியத்தின் கத்தரி என்று சொல்ல வேண்டும். திருவிழாவில் ஆம்ப் கணீரென்று பாடியது. யார் சரி பண்ணினது என்று ஃபாதர் கேட்டார். "கத்தரி என்னுது ஃபாதர்" என்றேன். பொய்யா சொன்னேன்?

ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. அவனோடு உட்கார்ந்து என் கத்தரியை வைத்து எத்தனை தடவை சிரித்திருப்பாய்? என்னையும் கூப்பிட்டிருந்தால், கொஞ்ச நேரம் கத்திவிட்டு நானும் சிரித்திருப்பேனே மச்சான்.

போகட்டும். நான் அங்கே வரும்போது புதுக் கத்தரி ஒன்று கொண்டு வருகிறேன், இது சத்தியம். அதையாவது கேட்டு எடு. டீ வாங்க மட்டும் அனுப்பாதே, போக மாட்டேன்.

கத்தரிக்குச் சொந்தக்காரன்,
உன் மேரியின் அண்ணன்
ஆரோக்கியம்