குஞ்சு பொரிக்கும் அறை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கம்போல் எழுதிவிடலாம்தான். இந்தத் தடவை அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை.

குளிர் வந்து ஒரு வாரமாகிறது. விடிகாலையில் வாளித் தண்ணீரின் மேல் பனி ஏடு கட்டியிருக்கிறது. சலவைக்கடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இஸ்திரியும் துணி உலர்த்தும் இயந்திரமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. துணி கொடுக்க வருகிறவர்கள் அந்தச் சூட்டை விட்டுப் போக மனசில்லாமல் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள்.

நேற்று அப்பாவைப் பார்க்கப் போனேன். அவரை வைத்திருக்கிறவனை அண்ணன் என்று எழுதவே கூசுகிறது. உன் தம்பி என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அவன் வேலையை விட்டுவிட்டுக் கூண்டுப் பறவை வளர்த்து விற்கிறான் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அப்பா படுத்திருந்த நடு அறை முழுக்க இப்போது கூண்டுதான். கதவைத் திறந்தால் எச்ச நாற்றம் வாசல்வரை வருகிறது. வீட்டில் இருக்கிற ஒரே ஹீட்டரும் அங்கேதான். அப்பாவின் கட்டிலைத் தூக்கிப் பின்பக்கம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போட்டிருக்கிறான். அங்கே ஜன்னலில் கண்ணாடி இல்லை, அட்டை வைத்து அடைத்திருக்கிறது. கேட்டால், பறவைகளுக்குக் குளிர் ஆகாதாம்.

அப்பா என்ன செய்திருக்கிறார் தெரியுமா? மதியம் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் மெதுவாக உள்ளே போய், கூண்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிர்காய்ந்திருக்கிறார். காலமெல்லாம் பஸ் ஓட்டி அந்த வீட்டைக் கட்டிய மனுஷன், அதற்குள்ளேயே திருடன் மாதிரி. அவருக்குத்தான் இருமல் இருக்கிறதே. இவர் இருமினால் அடைகாக்கிற பறவை எழுந்துவிடுகிறதாம், முட்டை ஆறிக் கெட்டுப்போகிறதாம். அண்ணி இதை மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடமே சொன்னாள். உன் தம்பி அந்த அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். தீனி வைக்க மட்டும் திறக்கிறான்.

நீயெல்லாம் மனுஷனாடா என்று கேட்டுவிட்டேன். பொழப்புன்னா என்னன்னு உனக்கென்ன தெரியும், போர்வை குடுத்திருக்கேன்ல என்றான். அந்தப் போர்வையைத் தொட்டுப் பார்த்தேன். கூண்டை மூடுகிற துணி அது. நாள் முழுக்க ஊரார் அழுக்கைத் துவைக்கிற எனக்கே அதை ஒரு நொடிக்குமேல் பிடிக்க முடியவில்லை.

அதைவிடக் கண்றாவி, அப்பா அவனுக்குப் பரிந்து பேசியதுதான். குஞ்சு பொரிக்கிற நேரம்மா, நான்தான் புத்தியில்லாம இருமிட்டேன் என்றார். இருமினதற்கு மன்னிப்புக் கேட்கிற மனுஷனை இதுவரை நான் பார்த்ததில்லை.

அப்பாவின் உதட்டில் ரத்தமே இல்லை. மூச்சு விசில் மாதிரி இழுக்கிறது. நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இந்தக் குளிர்ல இனி ஒரு ராத்திரிகூட அங்க படுக்க விடாதீங்க, நெஞ்சு தாங்காது என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். புதன்கிழமையிலிருந்து குளிர் இதைவிட மோசமாகுமாம், நாலைந்து நாள் வெயில் முகமே தெரியாதாம். என்னோடு வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். மசியவில்லை. கடைசியில், பெரியவ சொல்லட்டும், வர்றேன் என்றார். நீ பேச மாட்டாய் என்கிற தைரியம்.

உன் கல்யாணத்துக்கு அவர் வராதது தப்புதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் போனில் அப்பா என்று நான் ஆரம்பித்தாலே வைத்துவிடுகிறாய். முதலில் அவள் பேசட்டும் என்று அவரும் வீம்பாக உட்கார்ந்திருக்கிறார். உங்கள் ரோஷமும் உன் தம்பி போட்ட பூட்டும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. கோபித்துக்கொள், பரவாயில்லை.

திரும்ப அழைத்து வந்து விட்டுவிட்டு நான் படி இறங்கும்போது அப்பா கூப்பிட்டார். பெரியவ ஊர்ல இன்னிக்கு ராத்திரியோட குளிர் விட்டுடுமாம், செய்தியில சொன்னான் என்றார். இங்கே என்ன சொன்னான் என்று கேட்டேன். அதக் கவனிக்கலியே என்றார்.

தபாலில் போட்டால் புதன் தாண்டிவிடும். என் வீட்டுக்காரர் உன் ஊர்ப் பக்கம் லாரியில் சரக்கு ஏற்றிப் போகிறார், அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மாமா வந்தா இடம் பத்தாது, நான் வண்டியிலயே படுத்துக்கறேன் என்று இவரே சொல்லிவிட்டார். நீ படித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். டீ கொடுத்து அனுப்பிவிடப் பார்க்காதே, குடித்துவிட்டு மறுபடியும் நிற்பார். பிறகு தன் போனில் அப்பாவைக் கூப்பிட்டு உன்னிடம் தருவார்.

நீ சமாதானம் ஆக வேண்டாம். பழசு எதையும் பேச வேண்டாம். கோபமாகவே இரு. அந்தக் கோபத்தோடேயே, கிளம்புங்க என்று ஒரு வார்த்தை சொல். உன் குரலைக் கேட்டதும் அவருக்கு உடனே பேச்சு வராது, கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் வைத்துவிடாதே, அக்கா.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை